லென்ஸ் இல்லாமல் எடுத்த படம்

தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் பழைய மேனுவல் டெலி லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டிக் கூர்மையாகப் படம் எடுப்பது எப்படி என்று எழுதித் தரும்படி ராயபுரத்தில் உள்ள ஒரு புகைப்படக் குழுவினர் கேட்டார்கள். இப்போது அது ஒரு மோகமாகிவிட்டது போலிருக்கிறது. பழைய சாமான் கடைகளில் தூசி தின்றுகொண்டிருந்த லென்ஸ்களைத் தேடிப் பிடித்து, கேமராவோடு இணைக்க மலிவாக ஒரு அடாப்டர் வளையம் வாங்கிப் போட்டு, மீன்கொத்தி எடுக்கிறார்கள், நிலா எடுக்கிறார்கள். தாராளமாக எடுக்கட்டும். ஆனால் கேட்க வந்தவர் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். "ஷார்ப்பா வரலேன்னாலும் கவலை இல்ல பாய், இப்ப சாஃப்ட்வேர்ல போட்டா அதுவே ஷார்ப் பண்ணிக் குடுத்துடுது." எனக்குச் சூடு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அந்தச் சூட்டோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்டதையும் எழுதுகிறேன், கேட்காததையும் எழுதுகிறேன்.

என்னை யூசுப் பாய் என்றால் துறைமுகப் பக்கத்தில் சிலருக்காவது தெரியும். தண்டையார்பேட்டைக்காரன். கல்யாண ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்து, இருட்டறை ரசாயனத்தில் கை வெந்து, பிறகு ஒரு சர்வே அலுவலகத்தில் படமெடுப்பவனாகச் சேர்ந்தேன். கப்பலில் வந்த சரக்கு நனைந்தால், நசுங்கினால், துருப்பிடித்தால், காப்பீட்டுக்காரர்களுக்காக நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் அலுவலகம் அது. சர்வேயர் எழுதுவார், நான் எடுப்பேன். ஓய்வு பெறும்வரை அந்த ஒரே அலுவலகம்தான்.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் ஜெயசீலன் சார். தலைமை சர்வேயர். உயரமானவர், மெதுவாகப் பேசுவார், பாராட்டுவது என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. பிரிண்ட்டுகளை மேசையில் பரப்பச் சொல்வார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு படத்தின் மேல் வைத்துக் குனிவார். பிடிக்கவில்லை என்றால் திட்டமாட்டார். ஆள்காட்டி விரலால் அந்தப் படத்தை என் பக்கம் மெல்லத் தள்ளிவிடுவார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட இரவு தூக்கம் வந்திருக்கும்.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கம் வேறெந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை. டெலி லென்ஸில் எதை எடுத்தாலும் மூன்றாக எடுக்க வேண்டும். ஒன்று, பொருளின் மேலேயே ஃபோகஸ் வைத்து. அடுத்தது, அதற்குச் சற்று முன்னால் வைத்து. மூன்றாவது, அதற்குப் பின்னால் என்ன தெரிகிறதோ அதன்மேல் வைத்து. பிந்திய இரண்டிலும் எடுக்க வந்த பொருள் மங்கலாகத்தான் இருக்கும். ஃபிலிமுக்குக் கணக்குக் கேட்ட காலம் அது. எனக்கு மனசு கேட்காமல், "மங்கலாத்தான் வரும்னு தெரிஞ்சே எதுக்கு சார் எடுக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒரே படத்துல ஒண்ணு மங்கலா இருந்தா, அது நெஜமாவே அங்க இல்லையா, இல்ல உன் கை தப்பா, யாருக்குத் தெரியும்?" என்றார். "முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு இருந்தா எது எங்க நிக்குதுன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல." அத்தோடு அடுத்த பிரிண்ட்டுக்குப் போய்விட்டார். அவருடைய அலுவலகத்தில் மூன்றும் ஒரே உறையில்தான் போகும். மங்கலாக இருக்கிறது என்று எதையும் யாரும் தூக்கி எறிந்ததில்லை.

எனக்கென்று அலுவலகம் தந்தது ஒரு முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ். முழுக்க இரும்பு, நல்ல கனம். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது புதிதாக ஆட்டோஃபோகஸ் டெலி ஒன்று வாங்கித் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு கப்பலின் சரக்கறை மூடியைப் படமெடுக்கப் போனேன். மூடியின் ரப்பர் விளிம்பு பிதுங்கிக் கடல்நீர் உள்ளே போயிருந்தது. பக்கத்துத் தளத்தில் நின்றுதான் எடுக்க முடிந்தது. உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் சேர்ந்த மங்கலில், அந்த லென்ஸ் ரப்பரை விட்டுவிட்டு முன்னால் இருந்த கைப்பிடிக் கம்பியையே போய்ப் போய்ப் பிடித்தது. எனக்கு என்ன வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? மறுநாளே அடாப்டர் வாங்கிப் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டிவிட்டேன். ஓய்வு வரை அதுதான்.

சரி, கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மாட்டியிருப்பது லென்ஸ் என்றே கேமராவுக்குத் தெரியாது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடு என்று அனுமதி கொடுத்தால்தான் ஷட்டர் அசையும். விளிம்புகளில் சிவப்பாக மின்னிக்காட்டும் வசதியை டெலி லென்ஸில் நம்பாதீர்கள், அது தாராள மனசு உள்ளது, கிட்டத்தட்ட இருந்தாலே மின்னிவிடும். திரையைப் பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்பி, கூர்மையான இடத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி வாருங்கள். தாண்டாமல் நின்றால் உச்சம் எது என்று தெரியாது. தூரத்துப் பொருள்தானே என்று வளையத்தை முடிவிலி அடையாளத்தில் முட்டவிட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடாப்டர் கொஞ்சம் மெலிதாக இருந்தால் அந்த அடையாளம் பொய் சொல்லும். அப்பர்ச்சரை முழுக்கத் திறக்காமல் ஒரு கிளிக், இரண்டு கிளிக் மூடுங்கள். லென்ஸின் கழுத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இருந்தால் ஸ்டாண்டில் பூட்ட வேண்டியது அதைத்தான், கேமராவை அல்ல. துணிப்பையில் மணல் கட்டி மேலே வைத்து, டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எண்ணூர்ப் பக்கம் எடுப்பதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிச் சாம்பல் தரை சுட ஆரம்பித்ததும் காற்று நெளியும். அதற்கு மேல் எந்த ஊர் லென்ஸ் வைத்திருந்தாலும் வீண்தான்.

இவ்வளவும் செய்து எடுத்த படம் எதற்குப் பயன்பட்டது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

ஜெயசீலன் சார் போன பிறகு பொறுப்புக்கு வந்தவர் ரகு. கெட்டவர் இல்லை. எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும் அவருக்கு. படங்களைத் தரம் பிரிக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். எடுத்தது அத்தனையையும் அதில் கொட்டினால், மங்கலானவற்றைத் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் நிறுத்தும். மூன்றில் இரண்டு எப்போதும் காணாமல் போகும். சொல்லிப் பார்த்தேன். "க்ளையன்ட்டுக்கு மங்கல் படம் அனுப்பினா நமக்குத்தான் அசிங்கம் பாய்" என்றார்.  கேமராவின் மெமரி கார்டை மட்டும் அறிக்கை முடியும்வரை அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, சாத்தாங்காட்டுக்கு வடக்கே ஒரு தனியார் இரும்பு யார்டுக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். கிரேனிலிருந்து குழாய்க் கட்டு ஒன்று சரிந்து விழுந்து குழாய்கள் நசுங்கியிருந்தன. எங்களை அனுப்பியது அந்தக் குழாய்களுக்காக. நாங்கள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான் அதே கட்டுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்ட கலாசி ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கிரேனில் ஸ்லிங் என்ற தூக்குக் கயிற்றை மாட்டி, கழற்றி, ஏற்ற இறக்கச் சைகை காட்டுகிறவர்களைத்தான் எங்கள் பக்கம் கலாசி என்போம். பெயர் செல்வம், வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரர் என்று வாசலில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

கிரேன் ஓட்டியவர் பயத்தில் வெறும் கொக்கியை உச்சி வரை ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கிப் போயிருந்தார். சுற்றிலும் நாடா கட்டி யாரையும் உள்ளே விடவில்லை. நசுங்கிய குழாய்களை நாடாவுக்கு வெளியில் இருந்தே எடுத்தேன். பிறகு வழக்கப்படி எதிலிருந்து விழுந்ததோ அதையும் எடுக்க வேண்டும் என்பதால் லென்ஸைக் கொக்கிக்குத் தூக்கினேன். கிரேன் கொக்கியின் வாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு இரும்பு நாக்கு இருக்கும். யார்டில் அதை லாக் என்பார்கள். மாட்டிய ஸ்லிங் தளர்ந்தாலும் வெளியே நழுவாமல் அடைத்துக்கொள்வது அதுதான். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய் ஆவென்று திறந்திருந்தது. லாக் இல்லை. பின்னால் வெகு தூரத்தில் நின்ற விளக்குக் கம்பத்தின் இழுப்புக் கம்பி ஒன்று, சரியாக அந்த வாய்க்கு நேராகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. கொக்கிமேல் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் அந்தக் கம்பிமேல் ஒன்று. மூன்றும் எடுத்தேன். என் பக்கத்தில் நின்று யார்டின் பாதுகாப்பு அதிகாரியும் செல்போனில் அதே கொக்கியை ஜூம் பண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விபத்தை ஆய்வு செய்ய அதிகாரிகள் வந்து பார்த்தபோது கொக்கி கீழே இறங்கியிருந்தது. வாயில் லாக்கும் இருந்தது.

செல்வத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறிக்கைக்கு அது தேவையில்லை, என் மனசுக்குத் தேவைப்பட்டது. இடது கால் பாதத்தில் பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"பாய், நான் ஸ்லிங்க உள்ள தள்ளித்தான் மாட்னேன். 'ஆரியா'ன்னு கை காட்டி எறக்கச் சொல்லி, கட்டு கட்டை மேல ஒக்காந்துச்சு. ஸ்லிங் லூசாச்சு, அப்டியே கயண்டுகினு வந்துச்சு, கட்டு சாஞ்சு கால் மேல வுயிந்துச்சு. லாக்கு இல்ல பாய் அதுல. எத்தினி வாட்டி சொல்லிக்கினு கீறேன்."

"யார்டுல என்ன சொல்றாங்க?"

"நான் நுனியில மாட்டிட்டேன்னு எழுதறாங்களாம். மேஸ்திரி வந்து சொல்லிட்டுப் போச்சு." போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட காலைக் காட்டினார். "காலு போனாலும் கீய நின்னு சிக்னல் காட்டி பொழச்சுக்குவேன் பாய். கலாசிக்கு கைதான் முக்கியம். கை சரியில்லன்னு எய்திட்டா இந்தப் பக்கம் எந்த கேட்லயும் உள்ள வுடமாட்டான். எம் பேர அப்டி எய்த வாணாம்னு சொல்லு பாய்."

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

விசாரணை யார்டின் ஏசி அறையில் நடந்தது. யார்டு மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து ஒருவர், ரகு, நான். செல்வத்தைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. முதலில் பாதுகாப்பு அதிகாரியின் செல்போன் படத்தைத் திரையில் போட்டார்கள். பளிச்சென்று இருந்தது. கொக்கி மழமழவென்று புதிதாக வாங்கியது போல் தெரிந்தது. அதன் வாய்க்குக் குறுக்கே நேர்த்தியாக ஒரு கறுப்புக் கோடு. "லாக் தெளிவா தெரியுது பாருங்க" என்றார்.

 அந்தப் படத்தில் விளக்குக் கம்பத்தின் கம்பியையே காணோம். என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு தூர ஜூமில் அந்தச் சின்ன லென்ஸுக்குக் கிடைத்தது வெறும் சாம்பல் கலங்கல்தான். மீதியைச் செல்போன் தானாக யோசித்து வரைந்திருக்கிறது. வாய்க்குள் தெரிந்த துண்டைக் கறுப்பாக்கி, வெளியே நீண்ட மீதிக் கம்பியைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. லாக் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஒரு லாக் உண்டாகிவிட்டது.

அடுத்து எங்கள் படம். கொக்கியின் மேல் இருந்த துருத் தழும்பு வரை தெரிந்தது. வாயில் மங்கலாக ஒரு சாம்பல் பட்டை. பாதுகாப்பு அதிகாரி படத்தின் விவரங்களைத் திறந்தார். லென்ஸ் என்ற இடம் காலி. அப்பர்ச்சர் பூஜ்யம்.

"இதுல லென்ஸே இல்லன்னு வருதே. லென்ஸ் இல்லாம எப்படிங்க படம் எடுத்தீங்க?"

அறையே சிரித்தது. ரகுவும் சிரித்தார். பழைய லென்ஸ் சார், கேமராவுக்கு அதன் பெயர் தெரியாது என்றேன். கையோடு கொண்டுபோயிருந்த லென்ஸை மேசைமேல் வைத்தேன். அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, இருக்கட்டும். இதுலயும் வாயில ஏதோ ஒண்ணு இருக்கு இல்ல? அதான் லாக். உங்க லென்ஸ் பழசு, அந்த எடத்துல மங்கிடுச்சு."

கொக்கியின் உடம்பு தெளிவாக இருக்கும்போது அதிலேயே பொருத்திய நாக்கு மட்டும் எப்படி மங்கும் என்று கேட்டேன். "பழைய லென்ஸ்தானே, எப்படி வேணும்னாலும் மங்கும்" என்றார். ரகுவைத் திரும்பிப் பார்த்து, "பின்னால வெச்சு எடுத்தது எங்க?" என்றேன்.

"அது அவுட் ஆஃப் ஃபோகஸ் பாய். சாஃப்ட்வேர் தள்ளிடுச்சு."

அத்தனை வருட வேலையில் ஒரு கூட்டத்தில் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். "ஒரு ஆளோட கை அதுல இருக்கு ரகு. அதைத் தள்ளறதுக்கு அது யாரு?" என்று கத்திவிட்டேன். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்துக் கணினியில் செருகினேன்.  மூன்றாவது படம் வந்தது. அதில் கொக்கி வெறும் நிழல் போலக் கலங்கியிருந்தது. கம்பி மட்டும் படத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, முறுக்கிய இழைகள் தெரிய, கொக்கிக்குப் பின்புறமாக விறைப்பாகப் போயிற்று. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் கொக்கி தெளிவு, கம்பி மங்கல். மற்றதில் கம்பி தெளிவு, கொக்கி மங்கல். இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. வாயை அடைத்துக்கொண்டு எதுவும் இல்லை.

பாதுகாப்பு அதிகாரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே மேலிருந்து கீழ் வரை வந்தார். அவர் படித்தவர், விவரமானவர். ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். புரியாமல் வாதம் பண்ணியிருந்தால் இன்னொரு தடவை சொல்லிக் காட்டியிருப்பேன். புரிந்தபிறகு அவர் யார்டு மேலாளரைப் பார்த்தார், மேலாளர் காப்பீட்டுக்காரரைப் பார்த்தார். "டீ சொல்லுங்க" என்றார் மேலாளர். புரொஜெக்டரை அணைத்தார்கள்.

 திரும்பும் வழியில் மணலி தாண்டியதும் ரகு, "நாம பார்க்கப் போனது பைப்பை பாய். கொக்கி நம்ம வேலை இல்ல" என்றார். "அந்த மூணு படமும் அறிக்கையில இல்லேன்னா என் கையெழுத்தும் இருக்காது" என்றேன்.  மறுவாரம் மூன்றையும் சேர்த்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சேர்க்க வேண்டியதைத்தான் சேர்த்தார்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த சமயம், யார்டின் இறுதி அறிக்கை வந்தது என்று செல்வம் அதன் நகலை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். அக்குளில் கட்டை, பாதத்தில் ரப்பர் வைத்த செருப்பு. மூன்றாவது மாடி ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை. காகிதம் முழுக்க ஆங்கிலம்.

"இத்த கொஞ்சம் படிச்சு சொல்லு பாய்."

வாசித்தேன். கலாசி ஸ்லிங்கைத் தவறாக மாட்டினார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று இருந்தது. அதைச் சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "போதும் பாய். அந்த ஒரு வார்த்த போதும்" என்றார்.  ஆனால் காகிதத்தில் அடுத்த பத்தி இருந்தது. ஆய்வின்போது கொக்கியின் லாக் நல்ல நிலையில் காணப்பட்டது. விபத்தின் காரணம் உறுதி செய்ய இயலவில்லை. எங்கள் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசிக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவருடைய காகிதம் அது. வாசித்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"அப்ப நான் தப்பு பண்ல."

"இல்ல."

"கிரேன்காரு?"

"அவரும் இல்ல."

"லாக்கு?"

"நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க."

"கம்பெனி?"

"அதைப் பத்தி எதுவும் இல்ல."

செல்வம் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"வூட்ல என் பொண்ணு கீது பாய். யாரு பண்ணாங்கன்னு தெனிக்கும் கேக்குது. இன்னிக்கு பேப்பரு வருது, பாத்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லிட்டு வந்துகிறேன். இப்ப போயி நான் இன்னா சொல்லட்டும்?"